வாய்க்காலுக்கு ஆசைப்பட்ட கார்

எங்கள் காருக்கு வாய்க்கால் என்றால் கொள்ளை ஆசை. ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகிற வழி நெடுக இடப்பக்கம் வாய்க்கால், வலப்பக்கம் வயல். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் போதும், கார் நைசாக இடப்பக்கம் ஒதுங்கித் தண்ணீரை எட்டிப் பார்க்கும். பின்சீட்டில் நானும் தம்பியும் உடனே வலப்பக்கக் கதவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துச் சாய்வோம். நாங்கள் சாய்வதால்தான் கார் உள்ளே விழாமல் இருக்கிறது என்பது எங்கள் நம்பிக்கை. இதை அம்மாவிடம்கூட நாங்கள் சொன்னதில்லை. பெருமை பேசக்கூடாது பாருங்கள்.

அப்பா மஸ்கட்டுக்குப் போகுமுன் வாங்கிப் போட்ட பழைய கார் அது. கோயில் திடலில் அவரே அம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அம்மாவும் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஆனால் சாவி தொங்கியது என்னவோ அப்பாவின் அண்ணனான பெரியப்பாவின் பச்சை பெல்ட்டில்தான். "ஒரு நடை உரம் ஏத்திக்கிட்டு வந்துடுறேம்மா" என்று வாங்கிப் போனவர், திருப்பிக் கொடுக்க மறந்துபோனார். மற்றபடி அவருக்கு ஞாபகசக்தி அபாரம். அம்மா எங்கே போவதென்றாலும் அடுத்த தெருவிலிருந்த அவர் வாசலில் போய் நின்று, எங்கே, எதற்கு, எப்போது திரும்புவாய் என்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத்தான் சாவியை வாங்கி வரவேண்டும்.

பொங்கல் கழிந்து சம்பா அறுவடை மும்முரமாக நடந்த சமயம் கார் தன் ஆசையைத் தீர்த்துக்கொண்டது. எதிரே வைக்கோல் ஏற்றி வந்த டிராக்டருக்கு வழிவிட அம்மா ஓரம் கட்டினாள். முன்சக்கரம் கரையில் சறுக்கி, கார் ஒரு பூவரச மரத்தில் போய்ச் சாய்ந்து நின்றது. எங்களுக்கு ஒரு கீறல் இல்லை. வயலில் இருந்தவர்கள் ஓடிவந்து தூக்கி ரோட்டில் விட்டார்கள். அதற்குள் சேதி பெரியப்பா காதுக்குப் போய்விட்டது.

"பொம்பளைக்கு எதுக்கு ஸ்டியரிங்கு? என் கையில அம்பு மாதிரி போவுது. இவ கையில மட்டும் ஏன் வாய்க்காலுக்குப் போவுதாம்?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அன்றே மஸ்கட்டுக்குப் போன் போட்டார். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், காரை விற்றுவிடலாம் என்று அங்கிருந்து பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்கப் புரோக்கர் வருவதாக முடிவானது.

அம்மா சண்டை போடவில்லை. ராத்திரி தோசை வார்த்துக்கொண்டே, "கார் போனா போவட்டும். எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொல்லித்தான் அதை விக்கணுமா?" என்று தோசைக்கல்லைப் பார்த்துக் கேட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெரியப்பாவின் பெல்ட்டைப் பிடுங்கி வாய்க்காலில் எறிய வேண்டும் போலிருந்தது.

நசுங்கிய பம்பரைச் சரிபண்ணி வைக்கச் சொல்லி, பெரிய மனது பண்ணிச் சாவியை ஞாயிறு வரை அம்மாவிடமே விட்டுப் போனார் பெரியப்பா. அங்கேதான் அவர் கோட்டை விட்டார்.

கும்பகோணத்தில் வீல் அலைன்மென்ட் பார்க்கிற கடைக்கு அம்மா போனாள். முன்சக்கரம் இரண்டையும் மிஷினில் பார்த்துவிட்டு, நேராகத்தான் இருக்கிறது என்றார்கள். திரும்பி வரும்போதும் கார் பழையபடி இடப்பக்கமே ஒதுங்கியது. "மிஷினே சொல்லிடுச்சே, வண்டி மேல தப்பு இல்லன்னு" என்று பெரியப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்பப்பா!

அம்மா விடவில்லை. டயர் நாலிலும் காற்றை அளந்து சமமாக்கினாள். அப்படியும் இழுத்தது. முன்டயர்களை இடம் மாற்றிப் போட்டாள். டயரில் கோளாறு என்றால் இப்போது வலப்பக்கம் இழுக்க வேண்டும், ஆனால் இழுத்தது இடப்பக்கம்தான். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி ஒவ்வொரு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தாள். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சக்கரம் சுட வேண்டும். எதுவும் சுடவில்லை. ரோடு ஓரத்துக்குச் சரிவதால் இழுக்கிறதோ என்று, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து வலப்பக்க ஓரமாக ஓட்டினாள். அப்போதும் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் கார் நேராகப் போனது. சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஞாயிறு காலை, பம்பர் வேலை முடிந்த காரை வீட்டுக்கு ஓட்டி வந்தோம். எங்கள் தெரு முனையில் எதிர்வீட்டு அத்தை ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தாள். அம்மாவுக்கு அவள்தான் உயிர்த் தோழி. ஒதுங்க இடமில்லாமல் அம்மா நெல் மேலேயே மெதுவாக ஏற்றி வந்து நிறுத்தினாள். காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்த அத்தை தடத்தைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

"ஏண்டி, இது காரா நண்டாடி? இப்புடிக் கோணிக்கிட்டுப் போயிருக்கு?"

அம்மா இறங்கி வந்து குனிந்தாள். நேராகப் போகிற வண்டியின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே ஏறி வரும். எங்கள் காரின் தடம் ஒவ்வொன்றும் இரட்டையாக இருந்தது. இரண்டு பக்கமும் பின்சக்கரம் வலப்பக்கமாக விலகி, நெல்லில் இன்னொரு விளிம்பு போட்டிருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நடவுக் கயிறு இருக்கா?" என்றாள். வரிசை பிடித்து நடுவதற்கு அடையாளம் கட்டி வைத்திருக்கும் கயிறு. அத்தை ஓடிப்போய்க் கொண்டுவந்தாள்.

முன்சக்கரத்தின் நடுவில் நான் ஒரு நுனியைப் பிடித்தேன், பின்சக்கரத்தின் நடுவில் அம்மா பிடித்தாள். இடப்பக்கம் அளந்தோம், வலப்பக்கம் அளந்தோம். வலப்பக்கம் இரண்டு விரற்கடை கூடுதல். அம்மா மறுபடி அளந்தாள். அதேதான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாக்கை விரித்துக் காருக்கு அடியில் புகுந்தாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அடிபட்டுவிட்டதோ என்று பயந்துபோனேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

பின் அச்சை ஸ்பிரிங் பட்டையோடு நகராமல் பிடித்து வைக்கிற சென்டர் போல்ட் வலப்பக்கத்தில் முறிந்து கிடந்தது. அச்சு அந்தப் பக்கம் பின்னால் நழுவி, பின்சக்கரம் இரண்டும் எந்நேரமும் காரை இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தன. முன்சக்கரத்தை மட்டும் பார்த்த மிஷின் பாவம் என்ன செய்யும்!

பெரியப்பா புரோக்கரோடு வந்து சேர்ந்தபோது அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றாள். அத்தை நெல்லைச் சமமாகக் கிண்டி விட்டிருந்தாள்.

"மாமா, நீங்களே ஒருவாட்டி ஓட்டிக் காட்டுங்க. உங்க கையிலதான அம்பு மாதிரி போவும்? இப்புடி நெல்லு மேலயே வாங்க, பரவால்ல" என்றாள் அம்மா. குரலில் அவ்வளவு பணிவு.

பெரியப்பா மீசையை நீவிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஓட்டி வந்து, இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். "பாத்துக்கங்க" என்றார்.

எல்லோரும் பார்த்தோம். இரட்டைத் தடம். புரோக்கர் குந்தி உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அச்சு நவுந்துருக்கு சார். இதை யாரு ஓட்டுனாலும் ஒரு பக்கமாத்தான் இழுக்கும். நீங்க கெட்டியா புடிச்சு ஓட்டியே பழகிட்டீங்க" என்றார்.

"அது எப்புடி நவுரும்?" என்றார் பெரியப்பா.

அதற்கு விடை எனக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கை தூக்குகிற மாதிரி கையைத் தூக்கினேன். "அன்னைக்கு நாம உர மூட்டை ஏத்திக்கிட்டு மதகு மேல வேகமா வந்தமே பெரியப்பா, அப்ப பின்னாடி டங்குனு கேட்டுச்சுல்ல! நீங்ககூட கல்லு தட்டிருச்சுன்னு சொன்னீங்களே!"

உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். பெரியப்பா என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் விளங்கவில்லை. புரோக்கர் குனிந்து செருப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள், அவ்வளவுதான். பெரியப்பா கையிலிருந்த சாவியைப் பார்த்தார், நீட்டியிருந்த கையைப் பார்த்தார், அதில் வைத்தார்.

டிராக்டர் டிரெய்லருக்கெல்லாம் வேலை பார்க்கிற மெக்கானிக் மத்தியானம் வந்து அச்சைப் பழைய இடத்துக்குத் தள்ளிப் புது போல்ட் போட்டுவிட்டுப் போனார். அம்மா மறுபடி நெல்லின் மேல் ஓட்டினாள். இரண்டே தடம், கத்தியால் கீறினாற்போல. அத்தை தெருவே அதிர ஒரு குலவை போட்டாள் பாருங்கள், கறவை மாடெல்லாம் மிரண்டு திரும்பிப் பார்த்தது. நானும் தம்பியும் ஆடித் தீர்த்தோம்.

ராத்திரி அப்பா போனில் வந்தார். "அப்ப விக்கவேண்டாங்கிறியா?" என்று கேட்டிருப்பார் போல. "நான் உங்களக் கேக்கலீங்க, சொல்றேன்" என்றாள் அம்மா. சாவி அவள் முந்தானையில் முடிந்திருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் எங்களை ஏற்றிக்கொண்டு கும்பகோணத்துக்குக் காரை விட்டாள். வாய்க்கால் ஓரமாகவே போனோம். பழக்கதோஷத்தில் நாங்கள் வலப்பக்கம் சாய, "நேரா உக்காருங்கடா" என்று அம்மா சிரித்தாள். புதுத் துணியா, பாத்திரக் கடையா, யார் வீட்டிலாவது விசேஷமா என்று எனக்கு ஒரே பரபரப்பு. அம்மா ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, டபராவில் ஆற்றி ஆற்றி, அவசரமே இல்லாமல் ஒரு காப்பி குடித்தாள். எங்களுக்கு ஆளுக்கொரு போண்டா. பிறகு காரைத் திருப்பிவிட்டாள்.

"எதுக்கும்மா இவ்ளோ தூரம் வந்தோம்?"

"சும்மாதான்."

எனக்குப் பொசுக்கென்று போய்விட்டது. காருக்கு அடியில் படுத்து, கயிறு பிடித்து, பெரியப்பாவையே வென்று, கடைசியில் ஒரு காப்பிக்கா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தேன்.

தெரு முனையில் அத்தை நெல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். அம்மா காரை நிறுத்தினாள்.

"எங்கடி போயிட்டு வர்ற?"

"சும்மா, கும்பகோணம் வரைக்கும்."

அத்தை ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கார் கதவைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு, "அடுத்தவாட்டி என்னையும் கூட்டிக்கிட்டுப் போடி" என்றாள். அவளுக்கு அங்கே என்ன வேலை இருக்கும் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.