இருநூற்றெட்டாம் பக்கத்துக்குப் பிறகு

லெம்புயாங்கான் ரயில் நிலையத்துக்கு வடக்கே, தண்டவாளத்தை ஒட்டிப் போகும் எங்கள் சந்தில் ஆறாவது வீடு ரெத்னோவின் சலவைக்கடை. கிலோக் கணக்கில் துணி துவைத்துத் தரப்படும் என்று பலகையில் பெரிதாக எழுதியிருக்கும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், 'நாவல்களும் கிடைக்கும்' என்று இன்னொரு வரி உண்டு. யோக்யகார்த்தாவில் இதை யாரும் நின்று பார்ப்பதில்லை. மாணவர் விடுதி இல்லாத சந்தும் இங்கே இல்லை; எதையாவது எழுதிக்கொண்டிருக்கும் ஆள் இல்லாத சந்தும் இல்லை.

நான் நிலஅளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெயர் கஸ்முரி. ரெத்னோவின் வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது. எங்கள் எழுத்தாளர் வட்டத்தின் கூட்டக் குறிப்புகளை எழுதி வருபவனும் நானே. ஆகவே கீழே உள்ளவற்றில் தேதியோ பக்க எண்ணோ தவறாக இருக்காது. மற்றவற்றுக்கு அவரவர் பொறுப்பு.

ரெத்னோவின் அப்பா ரயில்வே கேட்டில் கொடி காட்டும் வேலையில் இருந்தார். மதியம் அவருக்குச் சோறு கொண்டுபோகும் சிறுமி, வழியில் இருந்த வாடகைப் புத்தகக் கடையில் ஒரு சண்டைக்கதைப் புத்தகம் எடுத்துக்கொள்வாள். அந்தக் கதைகள் பத்து, பன்னிரண்டு மெல்லிய பாகங்களாக வரும். எப்போதும் நான்காம் பாகம் வேறு யார் வீட்டிலாவது இருக்கும். மூன்றை முடித்துவிட்டு ஐந்துக்குப் போக ரெத்னோவுக்கு மனம் வராது. நடுவில் என்ன நடந்திருக்கும் என்று தானே ஒரு நான்காம் பாகத்தைக் கட்டி, கேட்டருகே உட்கார்ந்து அப்பாவுக்குச் சொல்வாள். உண்மையான நான்காம் பாகம் கையில் கிடைத்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பாள்.

"பெரும்பாலும் என்னுதுதான் நல்லா இருக்கும்" என்று இன்றும் கூசாமல் சொல்வாள்.

அவளுடைய முதல் நாவலை ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டது. ஒன்றரை வருடம் வைத்திருந்து, கதாநாயகிக்கு ஐம்பது வயது அதிகம், இருபத்தைந்தாக்கித் தர முடியுமா என்று கேட்டார்கள். ரெத்னோ நேரில் போய்க் கட்டைத் திரும்ப வாங்கி, துவைத்த துணிகளோடு சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தாள். அதன்பின் அவளே அச்சிடத் தொடங்கினாள். நிலைய வாசலில் கியாந்தோ என்பவரின் நகல் கடை இருக்கிறது. அச்சு, மடிப்பு, ஒட்டு எல்லாம் அவரே.

விற்பது எப்படி? அதற்கு அவள் கண்டுபிடித்த வழி சலவைக்கடைக்காரிக்கு மட்டுமே தோன்றக்கூடியது. சாம்பல் மழை பெய்த வருடம் அது. எரிமலை வெடித்து ஊர் முழுவதும் பழுப்பாகிக் கிடந்தது. மாணவர்கள் மூட்டை மூட்டையாகத் துணி கொண்டுவந்து போட்டார்கள். தேய்த்து மடித்த சட்டைகளுக்கு நடுவே, முதல் அத்தியாயத்தை அச்சிட்ட தாளை மடித்து வைத்து அனுப்பினாள். இரண்டாம் அத்தியாயம் வேண்டுமென்றால் அடுத்த மூட்டை வர வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்துக்கு வந்தபோது பையன்கள் துவைத்த துணியையே திரும்பத் துவைக்கப் போட ஆரம்பித்தார்கள்.

"அக்கா, இந்தச் சட்டையில இன்னும் சோப்பு வாசனை அடிக்குது" என்றாள் கடையில் கூட இருந்து வேலை பார்க்கும் தங்கை தாரி.

"அடிக்கட்டும். அவன் கதையைத் தேடி வந்திருக்கான். துவைச்சுக் குடு."

எங்கள் வட்டம் செவ்வாய்க்கிழமையும் ஜாவாவின் ஐந்து நாள் வாரத்தில் வரும் கிளிவோனும் சேர்ந்து வரும் நாளில், அதாவது முப்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை, சலவைக்கடையின் முன்னறையில் கூடும். நாலு பேர். ரெத்னோ. பேய்க்கதைகள் எழுதும் சும்போகோ; இவர் வெளியூர்ப் பேருந்து ஓட்டியவர். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் கவிதை எழுதும் விதி என்னும் பெண். நாலு பேரில் இளையவள். அப்புறம் நான். எழுதுவது என்றால் எங்கள் சந்தின் வரலாற்றை எழுதுகிறேன். இன்னும் மூன்றாவது வீட்டைத் தாண்டவில்லை.

வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருடைய படைப்பைப் பேசுகிறோமோ அவர் வாய் திறக்கக் கூடாது, தேநீர் ஊற்றலாம். கருத்துச் சொல்வது இளையவரில் தொடங்கி மூத்தவரில் முடியும். பெரியவர் முதலில் பேசிவிட்டால் சின்னவர்கள் தலையாட்டிவிடுவார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. ஆனால் எந்த வரிசையில் பேசினாலும் ஜாவாக்காரர்கள் ஜாவாக்காரர்கள்தான். முகத்துக்கு நேரே குறை சொல்ல எங்களுக்கு நா எழாது. பதினோரு வருடக் குறிப்புகளிலும் ஒவ்வொரு கூட்டத்தின் கடைசி வரி ஒன்றேதான்: 'அனைவரும் பாராட்டினர்.'

ஆறு வருடம் உழைத்து ரெத்னோ ஐந்தாவது நாவலை முடித்தாள். ரயில்வே கேட்டுக்காரர் ஒருவரின் கதை. அப்பாவின் கதை என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அதே சமயத்தில் கடையில் வேறொரு பிரச்சினை மூண்டது. மழைக்காலத்தில் துணி காயவில்லை. உலர்த்தும் இயந்திரம் இரண்டு வாங்கியே தீர வேண்டும் என்று தாரி சொன்னாள். வைக்க இடம் என்றால் கடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறை ஒன்றுதான். ரெத்னோ மேசை போட்டு எழுதும் அறை அது.

"ஒரு நாவலுக்கு ஆறு வருஷம் அந்த ரூமைப் பிடிச்சு வச்சிருக்கே. ஈரத் துணி ஆறு நாள் தாங்குமா?" என்று தாரி கேட்டதில் நியாயம் இருந்தது.

ரெத்னோ எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு சோதனைப் பிரதி கொடுத்தபோது கடை வாசலில் நின்றே சொன்னாள்: "இந்தத் தடவை பாராட்டு வேண்டாம். படிச்சுட்டு உள்ளதைச் சொல்லுங்க. இது தேறும்னா மேசை இருக்கும். தேறாதுன்னா மேசையை எடுத்துட்டு மெஷினைப் போட்டுடறேன். எனக்கு வருத்தம் இல்லை."

வருத்தம் இல்லை என்று சொல்லும்போது சும்போகோவின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பிரதியை ஒன்பது நாளில் படித்து முடித்தேன். படித்து முடித்தேன் என்பது சரியல்ல. இருநூற்றெட்டாம் பக்கத்தின் கடைசி வரி, 'அவர் கொடியைக் கையில் எடுத்து' என்று நின்றது. அதன்பின் அட்டை. பொருளடக்கத்தில் பதினான்காம் அத்தியாயம் இருந்தது, புத்தகத்தில் இல்லை. கியாந்தோ கடைசிப் பதினாறு பக்கங்களைச் சேர்க்காமலே ஒட்டியிருக்கிறார். அதைத் திருத்தங்களோடு முதல் குறையாக எழுதி வைத்துக்கொண்டேன். என் முறை கடைசியில்தானே, மற்ற இருவரும் அதற்குள் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

கூட்டத்தன்று மாலை நல்ல மழை. வழியில் பலகாரக் கடையில் வாங்கிய, சோயாவில் செய்து பொரித்த டெம்பேப் பொட்டலத்தை விதி நடுவில் பிரித்து வைத்தாள். ரெத்னோ வாயை மூடிக்கொண்டு தேநீர் ஊற்றினாள். உள்வாசலில் தாரி துணி மடித்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

மூத்த பெண்களை அழைக்கும் மரியாதையோடு விதி தொடங்கினாள். "இபு ரெத்னோ, ரொம்பப் பிரமாதம். அதுலயும் அந்த முடிவு! பாதி வாக்கியத்துல அப்படியே விட்டுட்டீங்க பாருங்க, அந்தத் தைரியம் எனக்கு வராது."

ரெத்னோவின் கையில் இருந்த கெட்டில் அப்படியே நின்றது.

அடுத்து சும்போகோ. "விதி சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்ல? கொடியை எடுத்தார். ஆட்டினாரா, ஆட்டலையா? அது நம்ம மனசுக்குள்ள ஓடிட்டே இருக்கு. முடிவுன்னா இதுதான் முடிவு."

என் முறை வந்தது. உள்ளதைச் சொன்னால் இரண்டு பேரின் மானமும் போய்விடும். சொல்லாவிட்டால் 'அனைவரும் பாராட்டினர்' என்று நூற்றுச் சொச்சமாவது தடவை எழுத வேண்டும், வெறும் பாராட்டு என்று ரெத்னோ கண்டுகொண்டால் மேசையும் போய்விடும். என்ன செய்வதென்று தெரியாமல் டெம்பேக்குக் கை நீட்டினேன். கடைசித் துண்டை எடுத்ததும் அடியில் இருந்த தாளில், எண்ணெய்க் கறைக்கு நடுவே, பக்க எண் தெரிந்தது. 219.

கியாந்தோ கடையின் வீணான தாள்கள் பக்கத்துப் பலகாரக் கடைக்குத்தான் போகும்.

"சும்போகோ" என்றேன், "என்னோட பிரதியில மட்டும் ஏதோ கோளாறு. கொடியை எடுத்ததோட நின்னு போச்சு. உங்க பிரதியைக் கொஞ்சம் கொடுங்களேன், மிச்சத்தைப் படிச்சுக்கறேன். மிச்சத்துல நான் இந்த ஒரு பக்கம்தான் பார்த்திருக்கேன்."

எண்ணெய்த் தாளை நடுவில் வைத்தேன்.

சும்போகோ தன் பிரதியைப் புரட்டினார். பின்னாலிருந்து புரட்டினார். அட்டையைக்கூட விரலால் பிரித்துப் பார்த்தார். விதிதான் முதலில் சிரித்தாள்; பிறகு முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

ரெத்னோ கெட்டிலைக் கீழே வைத்தாள். "அப்ப யாருமே படிக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாரியின் கை மடிப்பில் நின்றது. இயந்திரம் வைக்க இடம் கிடைத்துவிட்ட முகம் இல்லை அவளுக்கு. அழப்போகிறவள் மாதிரி இருந்தாள்.

சும்போகோ எழுந்து கதவருகே போனார். பேருந்து ஓட்டிய குரல் அது; மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"படிக்கலன்னு யார் சொன்னது? ரெண்டு தடவை படிச்சேன்! படிச்சதாலதான் புரியல. புரியலன்னு சொன்னா, பஸ் ஓட்டினவனுக்கு இலக்கியம் எங்க புரியும்னு நினைப்பீங்க. அதான் பிரமாதம்னேன். இப்பச் சொல்றேன் கேட்டுக்கோங்க. ஏழாம் அத்தியாயத்துல நடு ராத்திரி, கொட்டுற மழை. உங்க ஆள் பச்சைக் கொடி காட்டறார். எந்த டிரைவருக்குத் தெரியும் அது? முப்பது வருஷம் ராத்திரி வண்டி ஓட்டினவன் கேக்கறேன். விளக்குல்ல காட்டணும்!"



"அப்புறம் அந்தப் பெரியம்மா" என்று விதியும் எழுந்தாள். "எதுக்கு வரா? மூணு அத்தியாயம் சும்மா சாப்பிட்டுட்டுப் போறா. கதையில வர்ற அந்தப் பொண்ணு பெருமூச்சு விட்டே செத்துடுவா போல."

"நாற்பத்தியொரு பெருமூச்சு" என்றேன். எண்ணி வைத்திருந்தேன்.

கதவு திறந்தது. ரெத்னோ சிவந்த கண்ணோடு நின்றாள்.

"பெரியம்மா சும்மா வரல, விதி. கேட் சாவியை ஒளிச்சு வைக்கறதே அவதான். கடைசி அத்தியாயத்துல தெரியும்."

"அதைத்தான் டெம்பேக்காரன் கிட்ட கொடுத்துட்டீங்களே!" என்றாள் விதி.

"கொடி விஷயம்?" என்றார் சும்போகோ, விடாமல்.

"அப்பா கொடியும் வச்சிருப்பார்."

"வச்சிருப்பார். ராத்திரியில காட்ட மாட்டார்."

ரெத்னோ கேட்டருகே சோற்றுப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்த நாட்களை நினைத்திருக்க வேண்டும். "ஆமா" என்றாள். "விளக்குதான். சிவப்பு, பச்சை ரெண்டு கண்ணாடி உள்ள விளக்கு. எப்படி மறந்தேன்?"

அதன்பின் நடந்ததற்கு எங்கள் குறிப்புகளில் முன்மாதிரி கிடையாது. நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். வாய் திறக்கக் கூடாதவள்தான் அதிகம் பேசினாள். விதி பெரியம்மாவை வெட்டச் சொன்னாள். ரெத்னோ அவளுடைய போன வருடக் கவிதைகளில் நிலா எத்தனை தடவை வருகிறது என்று பதிலுக்குக் கேட்டாள். என் சந்து வரலாற்றில் இன்னும் மூன்றாவது வீட்டின் சாக்கடையையே அளந்துகொண்டிருக்கிறேன் என்று சும்போகோ எனக்கும் ஒன்று வைத்தார். எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. ரெத்னோவின் முகம் தேய்த்த சட்டை மாதிரி விரிந்திருந்தது.

பின்னறையிலிருந்து கையெழுத்துப் பிரதியை எடுத்து வந்தாள். கடைசி அத்தியாயத்தை விதி உரக்கப் படித்தாள். பெரியம்மா சாவியை ஒளித்து வைத்த இடம் வந்ததும் தாரி மடித்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். படித்து முடித்ததும் சும்போகோ மூக்கைச் சிந்தினார்.

"ரயில் போனதோட முடிச்சிருக்கணும். அந்தக் கல்யாணம் எதுக்கு?"

"கல்யாணம் இருக்கும்."

"சரி, விருந்தாவது போகட்டும். நாலு பக்கம் சாப்பிடறாங்க."

"விருந்து போகலாம்" என்றாள் ரெத்னோ. பிறகு தங்கையின் பக்கம் திரும்பினாள். "என்ன சொல்றே?"

தாரி துணியைப் பார்த்தாள், அறையைப் பார்த்தாள். "மேசை இருக்கட்டும்க்கா. ஆனா துணி காயணுமே."

சும்போகோ தலையைச் சொறிந்தார். அவர் வீட்டில் பழைய வேன் நின்ற கொட்டகை ஒன்று காலியாகக் கிடக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் அதை அளந்தும் இருக்கிறேன்.

"சரி, சரி. ஏன் எல்லாரும் என்னையே பார்க்கறீங்க?" என்றார். "கொண்டு வந்து வைங்க. பாதி வாக்கியத்தைப் பாராட்டினதுக்கு அபராதம்."

இயந்திரங்கள் இரண்டும் இப்போது அந்தக் கொட்டகையில்தான் ஓடுகின்றன. அவை உருளும் சத்தத்தில் தன் பேய்கள் எல்லாம் தடதடவென்று நடக்கத் தொடங்கிவிட்டன என்று சும்போகோ புகார் சொல்கிறார். ஆனால் மாணவர்களின் சட்டைகளுக்கு நடுவே இப்போது அவருடைய கதைகளும் போகின்றன. ரெத்னோவின் ஐந்தாவது நாவல், விளக்கோடும் விருந்தில்லாத கல்யாணத்தோடும், அடுத்த வறண்ட காலத்தில் வெளிவந்தது. பெருமூச்சு ஒன்பதாகக் குறைந்திருந்தது. ஆறாவது பின்னறையில் நடந்துகொண்டிருக்கிறது.

அன்றைய குறிப்பின் கடைசி வரியாக, 'அனைவரும் சண்டையிட்டனர்' என்று எழுதினேன். வாசித்துக் காட்டியபோது எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அன்று முதல் வட்டத்தில் இன்னொரு வழக்கமும் சேர்ந்திருக்கிறது. சோதனைப் பிரதி கொடுப்பவர் நடுவில் எங்காவது ஒரு தாளைத் தானே எடுத்துவிடலாம். படித்தவர் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். போன செவ்வாய்க் கிளிவோனில் சும்போகோவின் புதிய பேய்க்கதையில் மூன்று தாள்கள் இல்லை என்று சொன்னேன். அவர் திடுக்கிட்டுப் போனார். அவர் எடுத்தது ஒன்றுதானாம். மற்ற இரண்டைத் தேடி விதி குடையை எடுத்துக்கொண்டு பலகாரக் கடைக்கு ஓடினாள்.