மடி விரித்து வாங்கிய விதை

வாயில் போட்டு மென்ற பிறகுதான் அது தன் விதை என்று எர்கஷுக்குத் தெரிந்தது.

நவ்ரோஸ் புத்தாண்டு கழிந்து இரண்டாம் நாள். வீடு நிறைய விருந்தாளிகள். அவர் மனைவி ஒய்தின், வறுத்த கோதுமையும் வறுத்த கஞ்சா விதையும் உலர்திராட்சையும் கலந்து தட்டுத் தட்டாக வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் கஞ்சா விதையை அரச விதை என்போம். பண்டிகைக்கு அது இல்லாத தட்டு தட்டே இல்லை. எர்கஷ் ஒரு பிடி அள்ளி மென்றார். "இந்த வருஷம் நல்ல பருப்பாத்தான் வாங்கியிருக்கே" என்றார். இரண்டாவது பிடி வாய்க்குப் போகவில்லை. உள்ளங்கையைச் சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். சந்தையில் விற்கும் விதை மிளகைவிடச் சிறியது, உருண்டையானது. இது பெரிது, முனையில் கூர்மை. கருகியிருந்தும் முதுகுக் கோடு தெரிந்தது.

"எந்தப் பையிலேருந்து எடுத்தே?"

"ஆணியில தொங்குச்சே, அதுலேருந்து."

"ஆணியில ரெண்டு பை தொங்குச்சு."

"ரெண்டும் வெள்ளைப் பை. ரெண்டுலயும் விதை. நான் என்ன மோந்து பாத்தா எடுப்பேன்?"

யாரும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருட வேலை அந்தத் தட்டுகளில் கிடந்தது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். நானும் ஒரு பிடி தின்றிருந்தேன்.

சிம்தால் வாய்க்கால் தண்ணீர் பாயும் ஊர்களில் கஞ்சா போடாத குடியானவன் அப்போது குறைவு. குளிர்காலத்தில் காய்ந்த செடியைத் துணிச் சல்லடையில் உதறுவோம். விற்கிற தூள் கீழே விழும், விதை மேலே நிற்கும். நிற்கிற விதையில் ஒரு மூட்டை அடுத்த வருட விதைப்புக்கு, மீதி வறுக்க. எந்தச் செடியின் விதை எது என்று யாரும் கேட்பதில்லை. எர்கஷ் மட்டும் கேட்டார். செடி நிற்கும்போதே தனக்குப் பிடித்ததில் கம்பளி நூலைக் கட்டுவார். அதன் விதையைக் கையால் உருவித் தனியாக எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம் சல்லடைக்குப் போகும்.

அவர் செடி இடுப்புயரம் தாண்டாது. அகலமான இலை. முதல் குளிர் பட்டதும் தண்டும் இலையும் முசுக்கொட்டைச் சாறு கொட்டியதுபோல் சிவந்து கறுக்கும். மற்ற செடிகளுக்குப் பத்து நாள் முன்னால் முற்றிவிடும், அதனால் கடும்பனி அதைத் தொட்டதில்லை. அதன் தூள் கைச்சூட்டிலேயே இளகிச் சேரும். தீயில் காட்ட வேண்டியதில்லை. நெட்டைச் செடியில் தூள் அதிகம், அதனால் ஊரே நெட்டைக்குப் போயிற்று. அவர் போகவில்லை. வாய்க்காலின் கடைசி வயலை வேண்டுமென்றே வாங்கினார். தண்ணீர் கடைசியாக வரும் வயல் அது. ஆனால் கோடைக் காற்று மேற்கிலிருந்து வரும், அந்த வயலுக்கு மேற்கே வெறும் மேய்ச்சல் தரை. பிறர் வயலின் ஆண்செடி மகரந்தப் பொடி அங்கே வந்து விழாது.

இத்தனை பார்த்தவர் பையில் கோட்டை விட்டார். அந்தக் குளிர்காலத்தில் எலி, விதைச் சுரைக்குடுக்கையைக் கடித்தது. அவர் விதையைப் பைக்கு மாற்றினார். "ஒரு நூலாவது கட்டி வைங்க" என்று ஒய்தின் அன்றே சொன்னாள். "என் விதையை எனக்குத் தெரியாதா?" என்றார். அவருக்குத் தெரிந்தது, வறுசட்டிக்குத் தெரியவில்லை.

அதற்காக அவர் ஒய்தினிடம் குரல் உயர்த்தவில்லை. விருந்தாளிகள் போனதும் பையின் உட்புறத்தை வெளியே திருப்பித் தையலில் சிக்கியிருந்த ஏழு விதைகளை ஊசியால் எடுத்தார். ஈரக் கம்பளியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். எட்டு நாள் உடம்புச் சூட்டில் வைத்திருந்தார். ஒன்று வெடித்தது. அதுவும் அழுகியது.

எங்கள் முறைத் தண்ணீருக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. அதற்குள் விதை கைக்கு வராவிட்டால் அந்த வருடம் போயிற்று.

அடுத்த வயல் பாய்முராத் வந்தான். "எங்கிட்ட மூணு மூட்டை கெடக்கு, அள்ளிக்குங்கண்ணே. விதைக்கு என்ன, மூக்கும் முழியுமா பாப்பாங்க?"

"உன்னது விதைடா. எனக்கு வேண்டியது என் விதை."

"உங்க விதை எங்க வயித்துக்குள்ள போயிருச்சே!"

அன்று ரொட்டி வைக்கும்போது ஒய்தின் சொன்னாள்: "எங்கண்ணன்கிட்ட இருக்கு."

அவர் ரொட்டியைப் பிய்க்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

விதை கேட்டு வருகிறவன் எங்கள் ஊர்களில் அங்கியின் மடியை விரிக்க வேண்டும். பையில் வாங்கினால் அது சரக்கு, மடியில் வாங்கினால்தான் விதை. கொடுப்பவன் அளக்கக் கூடாது, வாங்குபவன் போதும் என்று சொல்லக் கூடாது. எட்டு வருடம் முன்பு ஒய்தினின் அண்ணன் தாஷ்புலாத் இந்த வாசலில் வந்து மடியை விரித்தார். கனத்த உடம்பு, எப்போதும் சட்டைப்பையில் வறுத்த விதை, எப்போதும் வாய் அசைந்துகொண்டே இருக்கும். எர்கஷ் ஒரு தேநீர்க் கிண்ணத்தில் அளந்து போட்டார். அதோடு விடாமல், பத்துப் பேர் கேட்க, "வறுத்துத் தின்னுடாதீங்க மச்சான், இது விதைக்க" என்றார். தாஷ்புலாத் மடியைக் கொட்டாமல் கட்டிக்கொண்டு போனார். பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. தங்கை மகள் நிக்காஹுக்குக்கூட ஆட்டை மட்டும் அனுப்பினார்.

"அவரு தின்னிருப்பாரு" என்றார் எர்கஷ்.

"தின்னது யாருன்னு ஊருக்கே தெரியும்" என்றாள் ஒய்தின்.

மறுநாள் விடிந்ததும் கழுதையில் சேணம் போட்டார். தாஷ்புலாத்தின் ஊர் தவ்லதாபாத் பக்கம்; என் தங்கை வீடும் அதே ஊர்தான், நானும் சேர்ந்துகொண்டேன். இரண்டு நாள் வழியில் அவர் பேசியது கழுதையோடுதான்.

தாஷ்புலாத் எங்களைப் பார்த்து எழுந்தார், நெஞ்சில் கை வைத்தார், விருந்தறையில் உட்கார வைத்தார். பச்சைத் தேநீர் வந்தது. கூடவே ஒரு தட்டு நிறைய வறுத்த விதை.

"எடுத்துக்குங்க மாப்ளே."

எர்கஷ் தட்டின் மேல் குனிந்தார். ஒரே ஒரு விதையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"பயப்படாதீங்க, சந்தையில வாங்குனது" என்றார் தாஷ்புலாத். அறையில் இருந்த அவர் மகன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "நீங்க வர்றதுக்கு முன்னாடியே சேதி வந்திருச்சு. ஒண்ணு மட்டும் கேக்கணும். உப்பு போட்டு வறுத்தீங்களா, போடாமலா?"

"போட்டு."

"ருசியா இருந்துச்சா?"

எர்கஷ் பொய் சொல்லத் தெரியாதவர். "இருந்துச்சு மச்சான்" என்றார். "நல்லாவே இருந்துச்சு. இன்னொரு பிடி அள்ளினேன்."

தாஷ்புலாத் சிரித்த சிரிப்பில் அவர் வாயிலிருந்த விதை கம்பளத்தில் தெறித்தது. மகன்களும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். எர்கஷ் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். இடுப்பில் செருகியிருந்த பையை உருவிக் கீழே போட்டார். அங்கியின் இரண்டு முனைகளையும் பிடித்து மடியை விரித்தார். அவர் யார் முன்னாலும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

சிரிப்பு நின்றது. தாஷ்புலாத் உள்ளே போய் ஒரு மூட்டையை இழுத்து வந்து கவிழ்த்தார். மடி நிறைந்தது, பாரத்தில் எர்கஷின் முதுகு வளைந்தது. போதும் என்று சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை. முழங்கால் மடங்கும் வரை கொட்டிவிட்டுத்தான் தாஷ்புலாத் மூட்டையை நிமிர்த்தினார்.

"ஏமாத்த மாட்டேன் மாப்ளே. நீங்க அன்னிக்குக் கிண்ணத்துல கொடுத்தது இதுல இருக்கு. பக்கத்து வயல் நெட்டையும் இதுல இருக்கு. எட்டு வருஷமா எல்லாம் ஒண்ணாத்தான் படுத்துக் கெடக்கு. நான் எதையும் பிரிச்சதில்ல. பிரிக்கத் தெரிஞ்சவரு நீங்கதானே, பிரிச்சுக்குங்க."

அவர் கொடுத்தது தானமா தண்டனையா என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். எர்கஷ் யோசித்ததாகத் தெரியவில்லை. கழுதையை விரட்டிக்கொண்டே இருந்தார்.

தண்ணீர் முறைக்கு மூன்று நாள் இருந்தது. அவரும் ஒய்தினும் தட்டுகளில் விதையைப் பரப்பிக் கோடு பார்த்து, கூர் பார்த்து, அளவு பார்த்துப் பொறுக்கினார்கள். மடி விதையில் பத்தில் ஒரு பங்கு தேறியது. மிச்சத்தை ஒய்தின் ஒரு கரிய பையில் போட்டுக் கட்டி, அதன் மேல் பெரிய கரண்டி ஒன்றையும் சேர்த்துக் கட்டினாள். "இது தின்ன" என்றாள்.

செடி சாண் உயரம் வந்ததும் பிடுங்க ஆரம்பித்தார். இலை ஒடுங்கியது போனது. கணுவுக்குக் கணு நீண்டது போனது. முழங்கால் உயரத்தில் இன்னொரு முறை, பூவெடுக்கும் முன் இன்னொரு முறை. வாய்க்கால் கரையில் நின்று பாய்முராத் கத்தினான்: "அண்ணே, இது வயலா, இல்ல நாவிதன் கை பட்ட தலையா?"

"முடி வேணும்னா உன் வயலைப் பாத்துக்கடா!"

இலையுதிர்காலத்தின் முதல் குளிரில், எஞ்சிய நானூறு சொச்சம் செடிகளில் ஒன்பது சிவந்தன. வாழ்த்துச் சொல்லப் போனேன். அவர் ஒன்பதுக்கும் கம்பளி நூல் கட்டிக்கொண்டிருந்தார்.

"கெடைச்சிருச்சே அண்ணே."

"தாய் கெடைச்சிருக்கு" என்றார். "அப்பன் யாருன்னு தெரியல. ஆண்செடி கோடையிலயே பொடியை உதறிட்டுக் காஞ்சு போயிருது. நெறம் ஏறுறது இப்பத்தான். அவன் நல்லவனா கெட்டவனான்னு செத்தவனைப் போய் எப்படிக் கேக்குறது? பிள்ளைங்களைப் பாத்துத்தான் சொல்லணும்."

அடுத்த வருடம் ஒன்பது தாய்க்கும் ஒன்பது வரிசை. ஏழு வரிசைகள் கலவையாக வந்தன. ஒரு செடி விடாமல் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டார். இரண்டு வரிசைகள் பாதிக்கு மேல் சிவந்தன. அவற்றிலிருந்து விதையெடுத்தார்.

மூன்றாம் வருடம் மலையில் பனி பெய்யவில்லை. வைகாசி வெயிலுக்கு முன்பே வாய்க்கால் வற்றியது. கடைசி வயலுக்கு ஒரு முறைகூடத் தண்ணீர் வரவில்லை. கோதுமை கருகியது, முலாம்பழக் கொடி கருகியது. அவர் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிணற்றிலிருந்து தோல்பையில் தண்ணீர் தூக்கி, இரண்டு வரிசைக்கு மட்டும், வேருக்குப் பக்கத்தில் ஊற்றினார். முதலில் அவர் மட்டும் தூக்கினார். பிறகு ஒய்தின். ஆவணி வந்தபோது பாய்முராத்தும் ஒரு தோல்பையோடு வந்து நின்றான்.

"நீ எதுக்குடா?"

"உங்க விதையைத் தின்னேன்ல. இன்னும் செரிக்க மாட்டேங்குது."

நான்காம் வருடம், ஒரே தாயின் வரிசை தலையிலிருந்து கால் வரை சிவந்தது. முப்பத்தெட்டுச் செடி. ஒன்றுகூடப் பிசகவில்லை. எர்கஷ் அந்த வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தார், திரும்பி நடந்தார். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து என் மூக்கிலும் வைத்தார். மாதுளைத் தோலும் ஈர ஆட்டுத்தோலும் கலந்த அந்தப் பழைய வாசனை.

அந்தக் குளிர்காலம் விதையை மூன்றாகப் பிரித்தார். ஒரு பங்கு புதுக் குடுக்கையில், வாயை மெழுகால் அடைத்து, ஒய்தினின் துணிப்பெட்டிக்குள் போனது; சாவி அவளிடம். ஒரு பங்கை என் வீட்டு உத்தரத்தில் அவரே கட்டினார். என் மனைவியைக் கூப்பிட்டு இரண்டு முறை காட்டினார். மூன்றாவது பங்கோடு நவ்ரோஸுக்கு முன் கழுதையை மறுபடி தவ்லதாபாத் பக்கம் திருப்பினார். இந்த முறை ஒய்தினும் வந்தாள்.

தாஷ்புலாத் வாசலுக்கு வந்தார்.

"மடியை விரிங்க மச்சான்" என்றார் எர்கஷ்.

"நான் கேக்கலையே மாப்ளே."

"ரெண்டு வீட்டுல இருந்தாத்தான் அது விதை. ஒரு வீட்டுல இருந்தா தீனி. விரிங்க."

தாஷ்புலாத் சட்டைப்பையில் இருந்த வறுத்த விதையை எல்லாம் அள்ளி வெளியே கொட்டினார். பிறகு மடியை விரித்தார். எர்கஷ் தான் கொண்டுவந்த குடுக்கையைக் கவிழ்த்துக் கடைசி விதை வரை தட்டித் தட்டிக் கொட்டினார்.

"இதுல கொஞ்சம் வறுத்தா என்ன பண்ணுவீங்க?"

"உப்பு கம்மியாப் போடுங்க" என்றார் எர்கஷ். "ஆனா மொதல்ல விதைங்க. தனி வரிசையா."