கூட வந்தது யாரு?

எங்கள் சாந்தி மதினிக்கு நடந்தது அநியாயம். தன் கிட்னி ஒன்றைப் புருஷனுக்கு, என் அண்ணனுக்கு, கொடுத்தாள். பழைய நோய் திரும்பி வந்து அந்தக் கிட்னியையும் பிடித்ததும், "இவ கொடுத்ததே சொத்தை" என்று எங்கள் வீட்டிலேயே பேசினார்கள்.

நான் அப்போது எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அது பெயருக்கு. என் முழுநேரத் தொழில், நர்ஸ் கதவைத் திறந்து "கூட வந்தது யாரு?" என்று கேட்டால் எழுந்து நிற்பது. இந்தத் தொழிலில் சம்பளம் கிடையாது, பெஞ்சு உண்டு. நீங்களும் அந்த பெஞ்சில் முதுகு வலிக்க உட்கார்ந்தவர்தான் என்றால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

வந்துருச்சு!

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஆபரேஷன் அன்று அம்மாவும் நானும் வராந்தாவில். அண்ணன் ஒழுங்காக ஒன்றுக்குப் போய் மாசக்கணக்காகியிருந்தது. இயந்திரம்தான் அவன் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் கதவு திறந்தது. "கூட வந்தது யாரு?" எழுந்தோம். நர்ஸம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "வந்துருச்சு! தையல் போடும்போதே மூத்திரம் வந்துருச்சு!" என்றார். அம்மா அழுதாள். நான் பக்கத்து பெஞ்சுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். உவரிக்காரர், தங்கச்சிக்குத் துணையாக வந்தவர், எனக்கு முன்பின் தெரியாது.

யோசித்துப் பாருங்கள். கைக்குள் அடங்குகிற ஒரு சதை. காலையில் ஒருத்தியின் உடம்பில் இருந்தது. எடுத்தபோது வெளிறிக் கிடந்ததாம். ரத்தத்தை விட்டதும் சிவந்ததாம். யார் வீடு, என்ன வேலை என்று எதுவும் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிட்டது. சாமியோடும் சண்டை போடுகிற நான் அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். உவரிக்காரர் சிலுவை போட்டுக்கொண்டு சொன்னார்: "ஒருத்தன் ஒண்ணுக்குப் போனதுக்கு இத்தனை பேரு சிரிக்கதை இங்கனதான் பாக்கேன் தாயி!"

மூன்றாவது

பழைய கிட்னிகளை எடுப்பதில்லை, தெரியுமா? அவை முதுகுப்பக்கம் சும்மா கிடக்கும். புதியதை முன்னால், அடிவயிற்றில் வைத்துத் தைப்பார்கள். அண்ணன் வேட்டியைக் கொஞ்சம் இறக்கி, "தொட்டுப் பாருட்டி" என்றான். பைய விரலை வைத்தேன். மேடாக, இளஞ்சூடாக இருந்தது. என் அண்ணனின் வயிற்றில் என் மதினி. கையை எடுக்கத் தோன்றவில்லை.

பார்க்க வந்த பெரியப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருக்கு எதுவும் கணக்குத்தான். "அப்போ இவனுக்கு மூணு, அவளுக்கு ஒண்ணா?" என்றார். அவனுடைய மூன்றில் இரண்டு செத்தவை, அவளிடமிருந்து போனது உயிருள்ளது, இரண்டும் எப்படிச் சமமாகும் என்று நான் சண்டைக்குப் போனேன். அவர் ஆப்பிளை நறுக்கியபடியே தீர்ப்புச் சொன்னார்: "ஏட்டி, புருஷன் பொண்டாட்டிக்கு மொத்தம் நாலு. இப்பவும் நாலுதான. கணக்கு தப்பலை!"

பதனி

ஊர் திரும்பி ஒரு வருஷத்துக்கு மேல் அண்ணன் பள்ளிக்கூடம் போனான், பாடம் நடத்தினான், கருவாட்டுக்கு ஏங்கினான். மாதாமாதம் அவனுடைய ஒரு நாள் மூத்திரத்தைக் கேனில் பிடித்து, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ் ஏறி, திருநெல்வேலி லேபில் சேர்ப்பது என் வேலை. அந்தக் கேன், மதினியின் அம்மா திசையன்விளையிலிருந்து பனைமரத்துப் பதனி ஊற்றிக் கொடுத்துவிட்டது. கழுவிக் காயவைத்து இதற்கென்று ஒதுக்கியிருந்தோம்.

மூத்திரத்தில் அடங்காத நுரை வந்தால் உடம்பின் புரதம் ஒழுகுகிறது என்று அர்த்தம். அண்ணனுக்கு நோய் முதன்முதலில் தெரிந்ததே நுரையில்தான். கிட்னி மாற்றிய பிறகு அந்த வார்த்தையையே வீட்டில் மறந்திருந்தோம்.

செய்துங்கநல்லூர் தாண்டியதும் கண்டக்டர் என் காலடியில் குனிந்து பார்த்தார். "திசையன்விளை பதனியா பாப்பா?"

"இல்ல அண்ணாச்சி."

"பங்கு கேட்டுருவோம்னு பயப்படுதியோ?"

"பதனி இல்லைன்னு சொல்லுதேன்லா!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் விடுவதாக இல்லை. விரலை நீட்டிச் சிரித்தார்: "யாருகிட்ட பாப்பா பொய் சொல்லுத? இப்பிடி நுரை கட்டி நிக்குதுன்னா அது பதனிதான்!"

வடிகட்டி

மறுபடி மதுரை. மறுபடி பெஞ்சு. "கூட வந்தது யாரு?" இந்தத் தடவை நான் எழுந்தது சண்டை போட. கொடுத்த கிட்னி நல்ல கிட்னி என்று சோதித்துச் சொன்னது நீங்கள்தானே, பிறகு எப்படிக் கெட்டது என்று கேட்டேன். டாக்டர் கோபப்படவில்லை. "நல்ல கிட்னிதாம்மா. இந்த நோய் கிட்னியில உண்டாகலை, உங்கண்ணன் ரத்தத்துல இருக்கு. நாங்க வடிகட்டியை மாத்தினோம், தண்ணியை மாத்த முடியலை" என்றார். எல்லோருக்கும் திரும்பாதாம். சிலருக்குத் திரும்புமாம். ஏன் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாதாம். இவ்வளவு படித்தவர் "தெரியாது" என்று சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

"இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே" என்றேன். "உங்க மதினிகிட்ட சொன்னேனே" என்றார். திரும்ப வரலாம், நீங்கள் கொடுப்பதும் வீணாகலாம் என்று சொல்லிவிட்டு, யோசித்து வரச்சொல்லி அனுப்பப் பார்த்தாராம். மதினி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம். அவள் சொன்னதை டாக்டர் அப்படியே சொல்லிக்காட்டினார்: "அது திரும்பி வார நாளு வரைக்குமாவது அவுகளுக்கு உதவட்டுமே சார்."

செம்மண் தண்ணி

மாத்திரையைக் கூட்டினார்கள். அண்ணனின் முகம் ஊதியது. நுரை குறைந்தது, ஆனால் போகவில்லை. இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பெரியப்பா மட்டும் காரணம் கண்டுபிடித்துவிட்டார். நாங்கள் ஆற்றங்கரைக்காரர்கள். தாமிரபரணித் தண்ணீரைக் குடித்துவிட்டால் பிறத்தியார் ஊர்த் தண்ணீரெல்லாம் எங்களுக்கு இளக்காரம். "திசையன்விளைச் செம்மண் காட்டுல உப்புத் தண்ணி குடிச்சு வளர்ந்த கிட்னி. அது எப்படி நிக்கும்? நம்ம ஆத்துத் தண்ணி குடிச்ச பொண்ணாப் பாத்துக் கட்டியிருந்தா இந்தப் பாடு உண்டா?" வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதே பாட்டு. அம்மாவும் தலையாட்ட ஆரம்பித்தாள். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன், படம் வரைந்து காட்டினேன், கத்தினேன். "ஏட்டி, நீ சின்னப் பிள்ள" என்று அடக்கிவிடுவார். மதினி அவருக்கே காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா அண்ணனை வைத்துக்கொண்டே அதைச் சொன்னார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அடிவயிற்றில் தன்னையறியாமல் கை வைத்து, யாரோ அதை அடிக்க வந்ததுபோல மறைத்துக்கொண்டான். மதினி அதைப் பார்த்தாள்.

பட்டிமன்றம் பட்டிமன்றமாகப் போய்க் கோப்பை வாங்கிய நான் தொண்டை கட்டியதுதான் மிச்சம் என்று தோற்ற வழக்கை, மதினி மடியில் இருந்த முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, குரலைக்கூட உயர்த்தாமல் முடித்துவைத்தாள்: "ரெண்டும் ஒரே தண்ணி குடிச்சு வளந்த அக்கா தங்கச்சிதான் மாமா. ஒருத்தி இன்னும் எங்கிட்டதான் இருக்கா, ஒரு குறையும் இல்லாம இருக்கா. இன்னொருத்தியத்தான் உங்க வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தேன்."