நான் படிக்காமல் நிராகரித்த ஆய்வேடு

ஆய்வேடு மதிப்பிடுவதில் எனக்கென்று ஒரு முறை இருந்தது. கடைசியில் உள்ள துணைநூற்பட்டியலை முதலில் திறப்பேன். என் பெயர் இருந்தால் ஆய்வாளருக்கு அறிவு உண்டு. இல்லாவிட்டால் மேற்கொண்டு படிக்கும் வேலை மிச்சம். பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும், புறத்தேர்வாளனாக இதையே செய்தேன்.

ஏலத்தோட்டப் பெண் தொழிலாளர்களைப் பற்றிய அந்த ஆய்வேட்டில் என் பெயர் இல்லை. ‘கள ஆய்வு போதாது, நிராகரிக்கலாம்’ என்று எழுதி அனுப்பினேன். போடியில் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறேன். ஏலத்தோட்டங்கள் இருக்கும் மலையில் குரங்கணிக்கு மேலே ஏறியதில்லை. களத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியும்.

மூன்று மாதம் கழித்து, அடுத்த தெருப் பெண் ஒருத்தி அம்மாவுடன் என் வீட்டுக்கு வந்தாள். கையில் அவளுடைய ஆய்வேட்டுக்கு வந்த இரண்டு மதிப்பீட்டு அறிக்கைகள். எழுதியவர்களின் பெயரைப் பல்கலைக்கழகம் மறைத்திருந்தது.

“ஒருத்தர் அருமைங்கிறாரு, இன்னொருத்தர் ஆகாதுங்கிறாரு. ரெண்டு பேரும் ஒரே ஆய்வேட்டத்தான் படிச்சாங்களா சார்?”

இரண்டாவது அறிக்கை என்னுடையது.

“கள ஆய்வு பத்தலையாம்ல,” என்றார் அம்மா. “ஞாயித்துக்கெழம தவறாம எங்கூட தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்க வந்த புள்ள சார். எழுதுன ஆளு கெடைச்சா நாங்க வேலைக்குப் போற ஜீப்புல ஏத்திவிடுங்க. உள்ள இருவது பேரு. அவரு டிரைவரு மடியிலதான் ஒக்காரணும்.”

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிக நேரம்.

ஆனிக்குள் பட்டம் வந்தால்தான் அவள் ஒரு கல்லூரி நேர்காணலுக்குப் போக முடியும். முடிவுகள் முரண்பட்டதால் ஆய்வேடு மூன்றாம் தேர்வாளருக்குப் போக வேண்டும். அவர் எப்போது படிப்பாரோ. ‘நான் படிக்காமல் எழுதிவிட்டேன்’ என்று பல்கலைக்கழகத்துக்கு அன்றே ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பொறுமையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அறிக்கைக்கு மறுப்பு எழுதவும் உதவினேன். எனக்கு எதிரான என் வாதங்கள் நன்றாகவே இருந்தன.

“ஒங்களமாரி ஒருத்தரு படிச்சிருந்தா எங்களுக்கு இந்தப் பாடு இல்ல,” என்றார் அம்மா.

மூன்றாமவர் ஆவணியில்தான் படித்து முடித்தார். பாராட்டியே எழுதினார். அதற்குள் கல்லூரியில் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவள் இப்போது முனைவர். பக்கத்து ஊரான தேவாரத்தில் ஒரு டியூஷன் சென்டரில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அவளிடம் நேரில் சொல்லத் துணிவில்லாமல்தான் இதை இங்கே எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், “நீங்க செஞ்ச உதவிய மறக்கவே மாட்டேன் சார்,” என்கிறாள். இதுவரை மூன்று முறை சொல்லிவிட்டாள்.

மூன்று முறையும் “பரவாயில்லம்மா” என்றேன்.