காற்றுப் பிடித்த லாரியும் அண்ணன் கல்யாணமும்

அன்னூரை அடுத்த தோட்டத்து வீட்டில் பிறந்து, லாரி ஓட்டியே குடும்பத்தை நிமிர்த்தி, சென்ற ஆண்டு மாரடைப்பால் எங்களைப் பிரிந்த எங்கள் அண்ணனைப் பற்றித் தங்கை எழுதுவது இது.

அண்ணன் வாங்கும்போதே அந்த லாரி பழையது. எஞ்சின் காலையில் வெள்ளைப் புகை கக்கும், ஏற்றத்தில் சூடாகும், நின்ற இடமெல்லாம் ஆயில் சொட்டும். ஆனாலும் அதை அவர் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டார். சத்தத்திலேயே கோளாறைச் சொல்லிவிடும் என்பார். உண்மைதான். டீசல் பைப்பில் காற்றுப் பிடித்தால் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூறைச்சேலைக் கூடையோடு நின்று இணைச்சீர்ச் சடங்கை முடித்தால்தான் எங்கள் பக்கம் தாலி ஏறும். போத்தனூரில் என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டிலோ, அண்ணன் நேரில் வந்து அழைத்தால்தான் அனுப்புவோம் என்று முறுக்கிக்கொண்டார்கள். முகூர்த்தத்தன்று காலையில் மாப்பிள்ளையே லாரியோடு வந்து நின்றார்.

திரும்பும்போது காந்திபுரம் தாண்டியதும் எஞ்சின் நின்றது. கார் பிடித்துப் போய்விடலாம் என்றேன்.

"அஞ்சு நிமிசம் அம்மணி. என்னைய நடுரோட்டுல விட்டதே இல்ல இது" என்றார்.

கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினார். கிளம்பியது, கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. பைப் மூட்டில் கசிவு. என் சீர்த்தட்டிலிருந்த புதுச் சோப்பை வாங்கிக் குழைத்து அப்பினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டையே அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். சோப்பு பிடித்துக்கொண்டது, லாரி அன்னூர்வரை நிற்கவில்லை.

மண்டபத்தில் மாப்பிள்ளை ஓடிவிட்டதாகவே முடிவு கட்டியிருந்தார்கள். பெண்ணை எழுப்பி அழைத்துப்போகச் சிலர் தயாராக நின்றார்கள். முகூர்த்தம் முடியச் சற்று நேரமே இருந்தது. அவசரமாக இணைச்சீரை முடித்து, கழுவாத கையோடு தாலி கட்டினார்.

பிறகு உறவில் யார் வீட்டு விசேஷமானாலும் அந்த லாரி வாடகை பேசாமல் போய் நிற்கும். பிடிவாதக்காரர்தான், ஆனால் எங்களை ஒருநாளும் கைவிட்டதில்லை. அவர் இல்லாத வீட்டுக்குப் போக எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

கடைசி நாளில் அவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற பக்கத்துத் தோட்டத்தாருக்கும், காரியங்களில் உடன் நின்ற உறவினர்களுக்கும், லாரிக்கார நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இதை எழுதுமுன், அன்று மணவறையில் என்ன நினைத்தீர்கள் என்று அண்ணியிடம் முதல்முறையாகக் கேட்டேன்.

"ஓடிப்போயிட்டாருன்னு நானும் நம்பிட்டேன் அம்மணி. எந்திரிக்கலாம்னுதான் இருந்தேன். அப்பத்தான் கையெல்லாம் டீசலோட வந்து பக்கத்துல உக்காந்தாரு. கை சுத்தமா வந்திருந்தா எந்திரிச்சே போயிருப்பேன்."