லூர்துமேரியின் உழக்கு

திரையில் பேய் வந்துவிட்டது. லூர்துமேரி வழக்கம்போல் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினாள். பட், பட் என்று கடலைக்காய்த் தோல் உடைகிற சத்தம். பேய் பக்கத்தில் வந்தும் அது நிற்கவில்லை. "போச்சு," என்றாள்.

பென்னாகரம் டூரிங் கொட்டகையில் பெண்கள் பக்கத்துத் தட்டி ஓரம் அவளுடைய இடம். ஆறு வருஷமாக வறுத்த கடலைக்காய் விற்கிறாள். ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. ஆனாலும் நல்லம்பள்ளி, இண்டூர் வண்டிக்காரர்கள் அவளைக் கேட்காமல் டிக்கெட் வாங்குவதில்லை. பயமுறுத்துகிற படமென்றால் ஆளுக்கு அரை உழக்குத்தான் அளப்பாள். "பயந்த வாயி மெல்லுமாங்க? மீதிய மண்ணுல கொட்டிட்டுப் போவீங்க. பண்டம் பாவம்." சப்பைப் படமென்றால் முழு உழக்கு, தலை குவிய. இப்படியும் ஒரு வியாபாரி!

போன வருஷம் ஒரு மந்திரவாதிப் படம் வந்தது. விறகு விற்கும் கோவிந்தம்மாள் பயத்தில் இவள் கழுத்துச் செபமாலையைப் பிடித்தவள், விளக்குப் போட்ட பிறகுதான் விட்டாள். அதே கோவிந்தம்மாள் இன்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏக்கா, பேயிக்குக் காலு தரையில பாவுது! மெட்டி வேற போட்டிருக்குது. யாரு வூட்டுக்கு வாக்கப்பட்டுச்சோ!"

கொட்டகை முதலாளி தர்மன் இடைவேளையில் ஓடிவந்தார்.

"அக்கா, உங்களக் கும்புடறேன், வாயத் தொறந்துடாதீங்க. சந்த நாளுக்குள்ள கூட்டம் சேரலைன்னா கொட்டகையப் பிரிச்சு அரூருக்குக் கொண்டு போயிருவேன். அப்புறம் நீங்களும் களை வெட்டத்தான் போவணும்."

வெயிலில் குனிந்து களை வெட்டிய முதுகு அவளுடையது, இன்னும் மறக்கவில்லை. அதோடு, யுத்த காலத்தில் மண்ணெண்ணெயே குதிரைக் கொம்பாகிவிட்ட ஊரில், இத்தனை வெளிச்சமும் சிரிப்பும் வேறெங்கே கிடைக்கும்? அவளுக்கு இந்த இடம் பிடித்துப்போயிருந்தது.

"மாதா மேல ஆணைங்க. ஒரு வார்த்த பேச மாட்டேன்," என்றாள்.

மறுநாள் சாயங்காலம் நல்லம்பள்ளி வண்டி வந்து நின்றது. முனிராஜ் மாட்டை அவிழ்க்காமலே கேட்டான்.

"அக்கா, பேயி எப்படிங்க? வண்டி நெறையப் பொம்பளைங்கள ஏத்தியாந்திருக்கேன். எறக்கலாமா, இப்படியே திருப்பட்டுமா?"

லூர்துமேரி உதட்டை இறுக்கிக்கொண்டாள். டிக்கெட் தட்டியோரம் நின்ற தர்மன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கக்கா, பேச மாட்டேங்கறீங்க? சரி, கடலக்காயாச்சும் அளங்க."

உழக்கை எடுத்தாள். பாதி நிரம்பியதும் கை நின்றது. அப்படியே நீட்டினால் போதும். வண்டி இறங்கிவிடும், கொட்டகையும் பிழைத்துவிடும். வண்டிக்குள்ளிருந்து அத்தனை பெண்களும் கழுத்தை நீட்டி அந்த உழக்கைப் பார்த்தார்கள்.

ஒரு பெருமூச்சு விட்டாள். உழக்கை விளிம்பு வரை நிரப்பினாள். அதன் மேல் இன்னொரு கை அள்ளிக் குவித்தாள்.