கழுத்தில் இருந்த கோபம்

என் மகளை நான் முதன்முதலாக அடித்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. அதுவரை அவள்மேல் கை வைத்ததே இல்லை. என் அப்பா குடித்துவிட்டு வந்து எங்களை அடிப்பவர். என் வீட்டில் அது நடக்கக் கூடாது என்று கல்யாணத்துக்கு முன்பே கணவரிடம் சொல்லியிருந்தேன்.

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. சிங்கப்பூரில், ஃபேரர் பார்க் பக்கம் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. அழுகிற பிள்ளையை என்னிடம்தான் தூக்கி வருவார்கள். பொறுமை என்பது என் சொத்து என்றே நம்பியிருந்தேன்.

அது கரைந்தது எனக்கே தெரியவில்லை. தேக்கா சந்தையில் மீன்காரர் என்னைக் காக்க வைத்துவிட்டு வேறொருவரிடம் பேசினார் என்று, வாங்கிய மீனை அவர் பலகைமேலேயே வீசிவிட்டு வந்தேன். வகுப்பில் ஒரு குழந்தை மூன்றாவது தடவையாகக் காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றியபோது, கழிவறைக்குள் ஓடிப் போய்த் தண்ணீர்த் தொட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏர்கான் அறையிலும் வியர்த்தது. தூக்கம் போயிற்று. இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டும் உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது.

“என்ன டயட் சிஸ்டர்? எங்களுக்கும் சொல்லுங்க லா” என்றார்கள் உடன் வேலை செய்தவர்கள்.

எனக்குள் அப்பா விழித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். ரத்தம் எங்கே போகும்? செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தேன். விரத நாளில் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் கணவர், கூடுதல் ஷிப்டுகளைத் தானாகக் கேட்டு வாங்கத் தொடங்கினார்.

ஒரு சனிக்கிழமை காலை. தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மகள் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டிருந்தாள். எடு என்று மூன்று தடவை சொன்னேன்.

“ரிலாக்ஸ் லா மா. துண்டுதானே?”

கையில் தோசைத் திருப்பி இருந்தது. கல்லிலிருந்து அப்போதுதான் எடுத்தது. முகத்தை மறைக்க அவள் உயர்த்திய கையில் அது பட்டது. அவள் கத்தினாள். அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகும் நான் இன்னொரு தடவை அடித்தேன். முதல் அடிக்கு ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு இன்றுவரை எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை.

கணவர் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். தானே அடுப்பில் சுட்டுக்கொண்டதாக அவள் டாக்டரிடம் சொன்னாளாம். என்னைக் காப்பாற்றப் பொய் சொன்ன பிள்ளை, அன்று மாலையே புத்தகப் பையோடு உட்லண்ட்ஸில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அதன்பின் வந்த நாட்களை விவரிக்கத் தெரியவில்லை. அவளுக்கு அனுப்பிய செய்திகளில் இரண்டு நீல டிக் விழும், பதில் வராது. நான் இந்த வீட்டில் இல்லாவிட்டால் அவள் திரும்பி வந்துவிடுவாள் என்று, குளிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேக்காவில் எனக்கு ரவிக்கை தைக்கும் அம்மாவிடம் பள்ளி விழாவுக்கான ரவிக்கை தொளதொளத்துப் போனதால் பிடிக்கக் கொடுக்கப் போனேன். அளவுநாடாவை என் தோளில் வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

“அக்கா, மூணாவது தடவ பிடிக்கச் சொல்லி வந்திருக்கீங்க. கை ஏன் இப்படி நடுங்குது?” என்றவர், என் கழுத்தின் முன்பக்கத்தை உற்றுப் பார்த்தார். “எச்சில முழுங்குங்க. பாருங்க, இங்க வீங்கியிருக்கு. என் தங்கச்சிக்கும் இப்படித்தான் இருந்துச்சு. தைராய்டு. நாளைக்கே போய் ரத்தம் குடுங்க.”

பலதுறை மருந்தகம் என்று நாங்கள் சொல்லும் அரசாங்க பாலிகிளினிக்கில் டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். படபடப்பு உண்டா, வியர்வை உண்டா, எடை எவ்வளவு குறைந்தது? கடைசியில், “கோபம் வருகிறதா?” என்றார். கூட வந்திருந்த கணவர்தான், “வருது” என்றார்.

ரத்தத்தில் தைராய்டு சுரப்பு பல மடங்கு ஏறியிருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாவது வாரம் ஒரு நாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துணி எடுத்துத் துடைத்தேன். பாதி துடைத்த பிறகுதான் எனக்குக் கோபம் வரவில்லை என்பது உறைத்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அது சந்தோஷ அழுகை இல்லை. துவரம்பருப்பு அளவு மாத்திரை என் கோபத்தை எடுத்துவிடும் என்றால், நாற்பது வருடம் என்னை நல்லவளாக வைத்திருந்தது எது? பொறுமை என்று நான் பெருமைப்பட்டதெல்லாம் கழுத்துச் சுரப்பி ஒழுங்காக வேலை செய்ததுதானா? அப்பாவுக்குக் குடியைத் தவிர வேறு ஏதும் இருந்ததா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. கேட்க அவரும் இப்போது இல்லை.

ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு உட்லண்ட்ஸுக்குப் போனேன். மகள் அதை முழுவதும் படித்தாள். அவள் பயாலஜி படிக்கிறவள். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அது நான் இல்லம்மா. இந்த வியாதி” என்றேன்.

“அப்போ இப்ப சாஃப்டா பேசறது யாரு? நீங்களா, மாத்திரையா?”

நான் அந்தத் தாளை வாங்கி மடித்தேன்.

“எனக்குப் புரியுதும்மா. ஹார்மோன், எல்லாம் புரியுது. ஆனா அடிச்சது உங்க கைதானே?” தழும்பு தெரியாமல் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “எனக்குக் கோபம் இல்ல. பயமாத்தான் இருக்கு.”

நான்கு மாதம் கழித்து, பரீட்சை நேரத்தில் வீட்டுக்கு வந்தாள். என்னோடு சிரிக்கிறாள், சமைத்ததைச் சாப்பிடுகிறாள். ஆனால் அவள் தலைக்குமேல் இருக்கும் அலமாரியில் அரிசி எடுக்க நான் கையை நீட்டினால், அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். உடனே, “சாரி மா, தானா வருது” என்பாள். என் உடம்பு செய்ததை அவள் உடம்பு கற்று வைத்திருக்கிறது. அதற்கு எந்த மருந்தகத்திலும் மாத்திரை இல்லை.

மாத்திரை தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிவிட்டதால், போன வாரம் டாக்டர், அதை நிறுத்திப் பார்க்கலாம் என்றார். சிலருக்கு நிறுத்தினாலும் வராது, சிலருக்குத் திரும்ப வரும், நிறுத்தித்தான் பார்க்க வேண்டும் என்றார். வாழ்நாள் முழுவதும் சாப்பிடுகிறேன், நிறுத்தாதீர்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். அவர் சிரித்துக்கொண்டே மாத்திரையை நிறுத்தச் சொல்லி, அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மகள் தன் புத்தகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மா, தப்பா எடுத்துக்காதீங்க. ரிசல்ட் வர வரைக்கும் நான் பெரியம்மா வீட்ல இருக்கேன். ஓகேவா?”

“சரிம்மா” என்றேன். அவள் துணிகளை நானே மடித்துக் கொடுத்தேன். இந்த முறை சொல்லிக்கொண்டு போனாள்.